இல்லாத கார்டில் தெரிந்த சிவப்பு

கேபிள்காரர் தன் மனைவியின் தங்கைக்கு முப்பத்தெட்டாயிரம் கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கிய பணம் இல்லை. சீட்டு எழுதவில்லை, சாட்சி இல்லை, வட்டி இல்லை. வாங்க வேண்டியவள் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை. முதல் ஏழு மாதம் அப்படி ஒரு கடன் இருப்பது அவருக்கே தெரியாது. தெரிந்த பிறகு பத்தொன்பது நாள் அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டு திரிந்தார். அந்தப் பத்தொன்பது நாளில் அவருக்கு வயது பத்து கூடிவிட்டது என்று அவர் மனைவி சொல்வாள். அவளும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு ஒயர் உருளை தூக்கிக்கொடுக்கப் போனார். பிறகு டெலிபோன் லைன் இழுத்தார். கம்ப்யூட்டர் வந்ததும், படித்தவர்கள் எல்லாம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இவர் கேபிளுக்குள் இருக்கும் எட்டு கம்பியின் நிற வரிசையை விரல் நுனியில் ஏற்றிக்கொண்டார். கேபிள் நுனியில் பிளக்கை வைத்து அழுத்துவதை முனை பிடிப்பது என்பார்கள், அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அவர் பிடித்த முனை பிடுங்கிக்கொண்டது என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை. மூன்று ஆஸ்பத்திரி, இரண்டு நீதிமன்றம், எண்ணிக்கை இல்லாத கடைகள், எல்லாவற்றின் கூரைக்கு மேலும் அவர் இழுத்த கேபிள் ஓடுகிறது. குடியிருக்கும் வீடும் அந்தக் கையால் கட்டியதுதான். ஒரு செங்கல்லுக்கும் மாமனார் காசு கிடையாது. இதை அவர் அடிக்கடி சொல்வார். மாமனார் இருந்தபோதும் சொன்னார்.

அறுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. வலது முழங்கால் ஏணியின் நான்காவது படியிலேயே பேச ஆரம்பித்துவிடும். இறங்கும்போது படிக்குப் படி பேசும்.

அவர் கற்றுக்கொண்ட வித்தைகளில் அவருக்கே மிகவும் பிடித்தது ஐம்பது வயதுக்கு மேல் கற்றது. கம்பியில் போவதைப் பிடித்துப் பார்ப்பது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசுவதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். பாக்கெட் என்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் முகவரி இருக்கும், உள்ளே சரக்கு இருக்கும், கூடவே ஒரு கூட்டுத்தொகை இருக்கும். வாங்குகிற பக்கம் சரக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கும். தொகை பொருந்தவில்லை என்றால் பொட்டலத்தைத் தூக்கி வீசிவிடும். இதையெல்லாம் பிடித்து வரிவரியாகக் காட்ட ஒரு இலவச புரோகிராம் உண்டு. நல்லதைக் கறுப்பில் காட்டும், கெட்டதைச் சிவப்பில் காட்டும். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியாதா.

மனைவியின் தங்கை வேறு ரகம். பட்டம் வாங்கியவள். இவரைவிடப் பதிமூன்று வயது இளையவள். கணவன் போன பிறகு மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து, கடைகளுக்குக் கணக்குப் புரோகிராம் எழுதிக்கொடுத்துப் பிழைத்தாள். அவருக்கும் அவளுக்கும் சண்டை கிடையாது, கிண்டல் உண்டு. "படிச்ச புள்ள வந்துட்டா, எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க" என்பார். "அத்தான் எந்திரிங்க, உங்க சேருக்குக் கீழ கேபிள் மாட்டியிருக்கு" என்பாள்.

இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு சலவைத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் துண்டும் லாரியில் வந்து இறங்கும், வெளுத்து லாரியில் ஏறும். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் ஒரு வில்லை தைத்திருக்கும். ஐந்து மேசையில் ஐந்து பெண்கள் வில்லையை ஸ்கேனரில் காட்டிக் காட்டி எண்ணுவார்கள். எண்ணுவதற்கான புரோகிராம் அவள் எழுதியது. மேசையிலிருந்து சர்வருக்குப் போகும் கேபிள் இவர் இழுத்தது. சிபாரிசு செய்ததும் இவர்தான், அதையும் மறக்காமல் சொல்லிக்காட்டுவார்.

மூன்று மாதம் ஓடியும் ஒரு தொல்லை தீரவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்துபோகும். அரை நிமிடம், சிலசமயம் இரண்டு நிமிடம். பெண்கள் விரிப்பைக் கையில் பிடித்தபடி நிற்பார்கள். லாரி நிற்கும். எண்ணிக்கையில் இருபது முப்பது குறையும், ஆஸ்பத்திரி அதைப் பில்லில் கழிக்கும். முதலாளி அவளுக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை நிறுத்திவைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டார். கோளாறு கேபிளிலா, புரோகிராமிலா. அதுதான் கேள்வி.

கேபிள்காரர் சும்மா போகவில்லை, லேப்டாப்போடு போனார். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. முதலாளி செலவை மிச்சம் பிடிக்க சர்வராக ஒரே பெரிய பெட்டி வாங்கி, அதற்குள் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் செய்து வைத்திருந்தார். அவள் புரோகிராம் அந்த உள் கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடியது. அதற்குக் கம்பி மாட்டுகிற நெட்வொர்க் கார்டும் கிடையாது, கம்பியும் கிடையாது. டிரைவர் என்ற ஒரு சின்ன புரோகிராம் மட்டும் உள்ளே இருந்துகொண்டு, கார்டு இருப்பதுபோல் பாவனை காட்டும். விர்ச்சுவல் கார்டு என்று பெயர். இவர் அதற்கு வைத்த பெயர் "இல்லாத கார்டு". இல்லாத கார்டிலும் பாக்கெட் பிடிக்கலாம் என்று தெரிந்தவர்கள் அவர் வயதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று விரலை நீட்டச் சொன்னால், கட்டைவிரலோடு நிறுத்திவிடலாம். அவர் அதில் பிடித்தார். ஒரு மணி நேரம் பிடித்தார்.

திரையைப் பார்த்த முதலாளிக்கே வியர்த்தது. மேசைகளிலிருந்து உள்ளே வரும் வரிகள் எல்லாம் கறுப்பு. அவள் புரோகிராமிலிருந்து வெளியே போகும் வரிகள் அத்தனையும் சிவப்பு. கூட்டுத்தொகை தப்பு, கூட்டுத்தொகை தப்பு, கூட்டுத்தொகை தப்பு. நடுநடுவே ஒரே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிய தடமும் இருந்தது.

"இதுக்கு மேல என்ன முதலாளி வேணும்?" என்றார் கேபிள்காரர். "என் கம்பியில வர்றது சுத்தமா வருது. அங்கிருந்து போறதுதான் கெட்டுப்போய்ப் போகுது. வாங்குற பக்கம் தூக்கிப் போடுது. மறுபடி அனுப்புது. அதான் உறையுது."

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். "அத்தான், அது அப்படித்தான் காட்டும். நீங்க கார்டுக்கு உள்பக்கம் நின்னு பார்க்கிறீங்க. தொகை போடுறது கடைசியில நிஜக் கார்டுதான். இங்க இன்னும் போடவே இல்ல. கம்பிக்கு அந்தப் பக்கம் மேசையில வச்சுப் பிடிங்க, கறுப்பா வரும்."

"சிவப்பைக் கறுப்புன்னு சொல்லவும் ஒரு பட்டம் வேணும்தான்."

முதலாளி சிரித்துவிட்டார்.

"ஒரு தடவை மேசைப் பக்கம் பிடிச்சுப் பாருங்க, போதும்."

"கண்ணு முன்னால தெரியுதும்மா" என்றார் முதலாளி. "எனக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் தெரியாது. சிவப்பு தெரியுது."

அவள் இன்னொரு முறையும் சொன்னாள். அதற்குள் பேச்சு வேறு புரோகிராம்காரர்களைக் கூப்பிடுவதற்குப் போய்விட்டது. அவளுடைய கடைசித் தவணை முப்பத்தெட்டாயிரத்தை முதலாளி நஷ்டக் கணக்கில் கழித்துக்கொண்டார். கேபிள்காரருக்கு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"மேசைப் பக்கம் பிடிச்சுப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? தெளிவா தெரியுதே."

"அவ கேட்டாளே."

"கேட்டா என்ன? நான் முப்பது வருஷம் தொழில் பார்க்கிறவன்."

"நான் முப்பத்திரண்டு வருஷம் உங்களைப் பார்க்கிறவ" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி துணியை வெட்ட ஆரம்பித்தாள்.

தங்கை வருவது நின்றது. மாடி அறைகளைக் காலி செய்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொள்வார்கள். இவர் அறைக்குள் வந்தால் "சரி, வைக்கிறேன்" என்ற சத்தம் கேட்கும். புதிய ஆட்கள் வந்த பிறகும் அங்கே திரை உறைந்துகொண்டுதான் இருந்தது. புதிதாக வந்தவர்கள் பழையதன் மீது பழிபோட்டார்கள், மாற்ற ஆறு மாதம் ஆகும் என்றார்கள். முதலாளி காத்திருந்தார். கேபிள்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எல்லாம் கவிழ்ந்தது. இன்னொரு வாடிக்கையாளருக்குத் தன் வித்தையைக் காட்ட வேண்டும் என்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு இல்லாத கார்டு உண்டாக்கி, உள்ளே ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பாக்கெட் பிடித்தார். கோளாறு எதுவும் இல்லாதது எப்படி இருக்கும் என்று காட்டத்தான். உள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தார். பளிச்சென்று திறந்தது. பிடித்ததைப் பார்த்தார். வெளியே போனது அத்தனையும் சிவப்பு.

முதலில் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பிடித்தார். சிவப்பு. படம் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, எதுவும் உறையவில்லை. சிவப்பு. தொகை தப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம் தூக்கிப் போட வேண்டும். போடவில்லை. பிறகு பழைய லேப்டாப்பைக் கேபிளின் அந்த முனையில் வைத்து, அங்கே பிடித்தார். அதே பாக்கெட், அதே எண், அதே சரக்கு. கூட்டுத்தொகை சரியாக இருந்தது. கறுப்பு.

நிஜக் கார்டு கடைசி நிமிடத்தில் தொகையைப் போட்டு அனுப்பியிருந்தது. அவர் உள்ளேயே நின்று, இன்னும் தொகை போடாததைப் பார்த்துத் தப்பு என்று சொல்லியிருந்தார். அவள் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் இதுதான்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி கதவருகே வந்து, "டீ ஆறுது" என்றாள். "ஆறட்டும்" என்றார். அவள் திரையைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது. அவர் முகத்தைப் பார்த்தாள். அது புரிந்ததோ என்னவோ, கேட்காமல் போய்விட்டாள்.

அப்படியானால் சலவைச்சாலையில் எது உறைகிறது? இந்தக் கேள்வியோடு அவர் இரண்டு வாரம் ஓட்டினார். போக வேண்டியது ஒரே பஸ் தூரம். காலில் வலி என்றார், மழை என்றார். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் என்பதால் போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போகத்தான் கால் வரவில்லை. பதினாறாம் நாள் போனார். ஐந்தாவது மேசையில் ஒரு லேப்டாப், சர்வர் பக்கம் நிஜக் கார்டில் ஒன்று, இரண்டிலும் ஒரே நேரத்தில் பிடித்தார். வெள்ளைப் பஞ்சுத் தூசி தோளில் படியப் படிய உட்கார்ந்திருந்தார். பதினொன்றே காலுக்குப் பெரிய உலர்த்தி இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. திரை உறைந்தது. சர்வர் அனுப்பிய பாக்கெட் நூற்றில் முப்பது மேசைக்கு வந்து சேரவே இல்லை. உலர்த்தி நின்றது. எல்லாம் வந்தது.

"இப்ப பழக்கமாயிடுச்சு அண்ணே" என்றாள் ஐந்தாவது மேசைப் பெண், விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு. "அது உறுமினா நாங்க தண்ணி குடிக்கப் போயிடுவோம்."

"இதை நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

ஏணி போட்டு ஏறினார். கூரைத் தகட்டைத் தள்ளிப் பார்த்தார். கீழிருந்து வரும் வெக்கை முகத்தில் அறைந்தது. அவர் இழுத்த கேபிள், உலர்த்தியின் மோட்டாருக்குப் போகும் தடித்த மின்கம்பியோடு சேர்த்து, பன்னிரண்டு மீட்டருக்கு, ஒரு முழத்துக்கு ஒரு பட்டை போட்டு, அழகாகக் கட்டியிருந்தது. கட்டியது அவர்தான். அப்படி நெருக்கிக் கட்டக்கூடாது என்று தொழிலுக்கு வந்த முதல் வருஷமே தெரியும். சுற்றிக்கொண்டு போக வேண்டிய பாதைக்கு இன்னும் நான்கு முறை ஏணி மாற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கு முழங்கால் வலித்தது, வெக்கை தாங்கவில்லை. என்ன ஆகிவிடும் என்று கட்டினார். மோட்டார் இழுக்கிற மின்சாரம் பக்கத்துக் கம்பியில் போகும் பாக்கெட்டைக் குலைத்துப் போட்டிருந்தது. அவர் கையால் வந்த வினை.

ஏணியின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றார். இறங்கினால் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. அன்றைக்கே கேபிளை மாற்றுப் பாதையில் இழுத்துவிட்டு, "சரிபண்ணிட்டேன் முதலாளி" என்று ஒரு பில்லும் போட்டிருக்கலாம். பெயர் இன்னும் உயர்ந்திருக்கும். அவள் பேச்சை எடுக்க ஆள் கிடையாது. அந்த எண்ணத்தோடு இன்னும் மூன்று நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலை மனைவி தங்கையிடம் போனில், "அங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, இவரைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு சலவைச்சாலைக்குக் கிளம்பினார்.

முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு எதிரில் இருந்த பில் கட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"அப்ப அந்தம்மா புரோகிராம்ல தப்பே இல்லையா?"

"இல்ல. கம்பியில. என் கம்பியில."

"அந்தச் சிவப்பு?"

"அது தப்பே இல்ல. நான் தப்பான இடத்துல நின்னு பார்த்தேன். அவ சொன்னா. நான் கேட்கல."

முதலாளி பேனாவை மூடினார், திறந்தார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன். நீங்க கேபிளை மாத்திடுங்க. காசு தர மாட்டேன், அது உங்க தப்பு. ஆனா பழசைக் கிளறாதீங்க. அந்தக் கணக்கை மூடியாச்சு. புதுசா வந்தவங்களுக்கு முன்பணம் குடுத்துட்டேன். திருப்பியெல்லாம் அந்தம்மாவுக்கு எடுத்துத் தர முடியாது."

"நீங்க தர வேண்டாம்."

"பின்ன?"

"நான் தரேன். அவகிட்டப் போயும் சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

"ஒப்பந்தத்தை வருஷ முடிவுல பார்ப்போம்" என்றார் முதலாளி. அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். கேபிள்காரர் அன்றும் மறுநாளும் தனியாக ஏணியை நான்கு முறை அல்ல, ஏழு முறை மாற்றிப் போட்டு, கேபிளைச் சுற்றுப்பாதையில் இழுத்து முடித்தார். உலர்த்தி உறுமியது. திரை உறையவில்லை. ஐந்தாவது மேசைப் பெண், "அப்ப நாங்க இனிமே எப்ப தண்ணி குடிக்கிறது?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடி அறைகளைக் காலி செய்தவள், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்பக்கம் குடியிருந்தாள். ஒரே அறை. கட்டில் ஓரமாக ஒரு சின்ன மேசை, அதில் கம்ப்யூட்டர், அதன் மேல் உலரப்போட்ட துவாலை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கதவு திறந்தே இருந்தது. அவள் ஏதோ கடைக்குச் சின்ன வேலை செய்துகொண்டிருந்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. நான்தான் வந்தேன்."

"உக்காருங்க. சேர் ஒண்ணுதான். நான் கட்டில்ல உக்கார்றேன்."

அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. வீட்டில் பிடித்துப் பார்த்ததைச் சொன்னார். கூரைக்கு மேல் பார்த்ததைச் சொன்னார். பன்னிரண்டு மீட்டர் என்று சொன்னார். முதலாளியிடம் சொல்லிவிட்டதையும் சொன்னார். வேலை விவரம் சொல்வதுபோல் வரிசையாகத்தான் சொல்ல வந்தது.

அவள் நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"மூணு."

"மூணு" என்றார்.

வெளியே யாரோ குழாயைத் திறந்து வாளி நிரப்பினார்கள்.

"வேற ரெண்டு கடையிலயும் சொல்லியிருந்தீங்களாமே. என் புரோகிராம் கெட்டுப்போய்த்தான் அனுப்புதுன்னு."

"சொன்னேன். அங்கயும் போறேன். நாளைக்கே."

"போங்க, போகாம இருங்க. எனக்கு அலுத்துப்போச்சு அத்தான். கோபப்படக்கூட முடியல. அந்த ரெண்டு அறைக்கு நான் நாலு வருஷம் வாடகை குடுத்தேன். ஒரு மாசம் தவறல."

அவர் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினார். கையெல்லாம் புதுக் கேபிள் இழுத்த கீறல். "முப்பத்தெட்டு இருக்கு. அக்காவுக்கும் தெரியும். சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அவளா சொன்னா குடுக்கச் சொல்லி?"

"இல்ல. பேங்குக்குப் போய் எடுத்துட்டு வந்து அவகிட்டக் காட்டினேன். எண்ணிப் பார்த்தா. சரியா இருக்குன்னா. வேற ஒண்ணும் சொல்லல."

அவள் கவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். வாங்க மாட்டேன் என்று அவள் சொன்னால் அவர் பாடு சுலபமாகப் போயிருக்கும். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, போகட்டும் விடுங்க என்று சொல்லியிருந்தால் இன்னும் சுலபம். அவர் அதற்கும் மனசுக்குள் தயாராக இருந்தார், வெட்கமில்லாமல்.

"கவர் வேண்டாம்" என்றாள். "அன்னைக்கு அவங்க கழிக்கும்போது என் முன்னால எண்ணித்தான் கழிச்சாங்க. நீங்களும் எண்ணிக் குடுங்க."

உள்ளங்கையை விரித்து நீட்டினாள். பிடிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. விரித்த கை அப்படியே நின்றது.

அவர் கடைசியில் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் முனகியது. கவரைக் கிழித்து, விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஆயிரம் ரூபாய் நோட்டை ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. இடையில் ஒரு இடத்தில் கணக்கு விட்டுப்போய் நின்றார்.

"பத்தொன்பது" என்றாள் அவள்.

அவர் இருபதாவது நோட்டை வைத்தார். இருபத்தொன்று வைத்தார். வேகமும் இல்லை, தாமதமும் இல்லை, கேபிளுக்கு முனை பிடிப்பதுபோல் ஒன்றை வைத்து அழுத்திவிட்டு அடுத்ததை எடுத்தார். கடைசி நோட்டு கவரின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்தெடுத்து, "முப்பத்தெட்டு" என்று சொல்லி, அவள் விரித்த உள்ளங்கையில் வைத்தார்.